உப்புத் தண்ணி காட்டிய கதை

பின்னறையை எப்படியாவது மாமியாரிடமிருந்து காப்பாற்றியே தீருவது என்று நம்மவர் பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

குண்டைத் தூக்கிப் போட்டவளும் அவள்தான்.

"அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாயிடுச்சு. நம்மகூட வந்து இருக்கட்டும்ங்க. பின்னறை சும்மாதானே கிடக்கு? அதுலயே ஒரு பாத்ரூம் கட்டி, ஏசி மாட்டிட்டா போதும்."

மாமியார் நல்லவர். அவர் ஊரில் இருக்கும்வரை நம்மவரே இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். ஒரே ஒரு பழக்கம், கண்ணில் பட்ட ஃபேனையெல்லாம் அணைத்துவிடுவார். போன முறை வந்தபோது நம்மவர் ஃபேனுக்கு அடியில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டக்கென்று ஃபேன் நின்றது. "அட, இங்கயா இருக்கீங்க மாப்பிள்ளை? ஆளில்லைன்னு நெனச்சேன்" என்றார். வீட்டுத் தலைவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? நம்மவருக்கு இன்னும் ஆறவில்லை.

"பாத்ரூம், ஏசியெல்லாம் வீண் செலவு" என்றார், நுரையைத் துப்பிவிட்டு. "அந்த ரூமுக்கு நான் வேற பிளான் வச்சிருக்கேன்."

"என்ன பிளான்?"

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'பிளான்'தான். பிளான் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுவார், அப்புறம்தான் யோசிப்பார். எதிரே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"மீன் தொட்டி."

"இத்துனூண்டு மீனுக்கு ஒரு ரூமா?"

"இது கடல் மீன். உப்புத் தண்ணி. தொட்டியே கட்டில் சைசுக்கு இருக்கும். தண்ணிய சுத்தம் பண்ண கீழ இன்னொரு தொட்டி, சம்ப்னு பேரு."

"சம்புக்கும் எங்கம்மாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரூம்ல இடம் இருக்காது. அதான் சம்பந்தம்."

பெரிய சண்டை வரும் என்று நம்மவர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டினார். அவளோ, "உங்க ஆசைய நான் ஏன் கெடுக்கணும்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் இந்த இடத்தில் உஷாராகியிருப்பான். நம்மவர் மனைவிக்குத் தண்ணி காட்டிவிட்ட சந்தோஷத்தில் குளிக்கப் போனார்.

பிளம்பரை அவளே கூட்டி வந்தாள்.

"ஏங்க, அடிக்கடி தண்ணி மாத்தணுமாமே? வாளி தூக்கினா உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்? ரூமுக்குள்ளயே குழாய் போட்டுக்குங்க."

போட்டார்.

"மோட்டார் சத்தம் உங்க தூக்கத்தைக் கெடுக்குமே. சம்பையும் மோட்டாரையும் மூலையில தள்ளி, ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிக் கதவு போட்டா?"

அதுவும் ஆயிற்று. உப்புத் தண்ணி தெறித்தால் சுவரை அரித்துவிடும் என்றாள். தடுப்புக்குள் டைல்ஸ் ஏறியது. வெயில் காலத்தில் மீன் வெந்துவிடும் என்று அவள் கண் கலங்கியதும் ஏசியும் வந்தது. மாமியாருக்கு வீண் செலவாக இருந்தது, மீனுக்கு அவசியச் செலவாகிவிட்டது.

கழிவுத் தண்ணீருக்காகத் தரையை உடைத்த அன்று மட்டும் நம்மவருக்கு லேசாக ஒரு சந்தேகம்.

"தொட்டித் தண்ணி போக நாலு இஞ்சு பைப்பா?"

"அக்காதான் சொன்னாங்க சார். ரொம்பப் பெரிய தொட்டியாமே" என்றார் பிளம்பர்.

"ஆமா, ஆமா. போடுங்க. என் மீனுக்கு எதுலயும் குறை இருக்கக் கூடாது."

தொட்டி வந்தது. நான்கு பேர் மூச்சு வாங்கச் சுமந்து வந்தார்கள். பின்னறை வாசலில் மனைவி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"இங்க வேணாம். மேற்கு ஜன்னல், வெயில் நேரா அடிக்கும்."

"அடிச்சா?"

"தொட்டி பூரா பாசி பிடிக்கும்னு சாப்பிட உட்கார்ந்தப்பல்லாம் பாடம் எடுத்தது யாரு?"

"அக்கா சொல்றது சரிதான் சார்" என்றார் கூட வந்த மீன் கடைக்காரர்.

"ஜன்னலை அடைச்சுடலாம்."

"காத்து வேணாமா?"

"மீனுக்கு எதுக்குக் காத்து?"

"சார், கை நழுவுது, சீக்கிரம் சொல்லுங்க" என்றார் சுமந்தவர்களில் ஒருவர்.

"ஹால்ல வச்சிடுங்க" என்றாள் மனைவி. வைத்துவிட்டார்கள். தொட்டியின் மரப் பெட்டிக்குள் சம்பும் மோட்டாரும் சமர்த்தாக அடங்கிக்கொண்டன. நம்மவர் நாற்காலிக்குத் தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலை கிடைத்தது.

காலியான பின்னறையை அவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, பிளம்பர் ஒரு வெள்ளைக் கம்மோடைக் கட்டிப் பிடித்தபடி வந்தார்.

"அக்கா, இது எங்க?"

"அதான் நாலு இஞ்சு பைப்பு வாயத் திறந்துக்கிட்டு இருக்கே, அது மேலதான்."

நம்மவர் வாயும் ஏறக்குறைய அதே அளவுக்குத் திறந்திருந்தது.

"எல்லாம் உன் பிளானா?"

"ஐயோ, பிளான் உங்களதுங்க. குழாய் மட்டும்தான் என்னது."

தொட்டித் தண்ணீர் பக்குவப்படச் சில வாரங்கள் ஆயின. ஒரு ஜோடி கோமாளி மீன் வந்த அதே நாளில் மாமியாரும் வந்து இறங்கினார். பத்து நாள்தான் இருப்பேன் என்று போனில் சொல்லியிருந்தார். அந்தப் பத்து நாளைத்தான் நம்மவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

பின்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாமியார் ஹாலுக்கு வந்தார்.

"பத்து நாள்ல கிளம்பலாம்னு வந்தேன்டி. மாப்பிள்ளை இவ்ளோ ஆசையா கட்டி வச்சிருக்கும்போது விட்டுட்டுப் போனா அவர் மனசு என்ன பாடுபடும்? இனிமே நான் இங்கதான்."

டக்கென்று ஃபேன் நின்றது.

"ஆளில்லாத ஹாலுக்கு எதுக்குடி ஃபேனு?"