அழைப்பிதழில் அச்சான கருடன்

"கருடாழ்வார் வானில் வட்டமிடும் நேரம் காலை 9.20" என்று அழைப்பிதழில் அச்சடித்து, ஐயாயிரம் பிரதிகளும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான், இதைக் கருடனிடம் யார் சொல்வது என்ற கேள்வி விழாக் கமிட்டியில் எழுந்தது.

கேட்டது யாரென்று தெரியவில்லை. கேட்டவுடன் எல்லோரும் காப்பி குடிக்கத் தொடங்கினார்கள்.

ராஜபாளையம் மில் காலனி நவநீதகிருஷ்ண சுவாமி கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. பந்தலுக்கு ஓர் ஆள், யாகசாலைக்கு ஓர் ஆள், அன்னதானத்துக்கு ஆறு ஆள் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. கருடன் மட்டும் பாக்கி. கோபுரக் கலசத்தில் தீர்த்தம் விடும் நேரத்தில் மேலே கருடன் சுற்ற வேண்டும். சுற்றினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சுற்றாவிட்டால் என்ன அர்த்தம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கமிட்டித் தலைவர் கோதண்டபாணி, பஞ்சு மில் முதலாளி. அழைப்பிதழில் அவர் பெயர் வருவதற்கு முன்னால் இரண்டரை வரி அடைமொழி வந்தது. அவர் தம் மில்லின் டைம் ஆபீஸ் கிளார்க் ஹரிகிருஷ்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹரி, எத்தன வருஷமா ஷிப்டுக்கு ஆள் வரவைக்கிற?"

"முப்பத்தொரு வருஷம் முதலாளி."

"அறுநூறு பேரு எட்டு மணிச் சங்குக்கு வந்து நிக்கிறான். ஒத்தப் பறவை ஒம்பது இருபதுக்கு வராதா?"

ஹரிகிருஷ்ணனுக்கு அடுத்த மாதம் ஓய்வு. முதலாளிக்கு அது ஞாபகம் இருந்தது.

"வந்துச்சுன்னா ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் தாரேன். வரலேன்னா, உனக்கும் வயசாயிருச்சு. வீட்டுல ஓய்வா இரு."

வீட்டில் ஓய்வு என்று ஒன்று இல்லை என்பது முதலாளிக்குத் தெரியாது. ஹரிகிருஷ்ணனின் மனைவி வெங்கடேஸ்வரி வீட்டு முன்னறையில் நான்கு தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவதாக ஒரு ஸ்டூல் வந்து இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"கருடன் வரலேன்னா நல்லதாப் போச்சு" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி. "ஒண்ணாம் தேதியிலருந்து பட்டன் உங்க பொறுப்பு. நாளைக்கு முந்நூறு பீஸு. மொதல்ல மெதுவாத்தான் வரும்."

ஹரிகிருஷ்ணன் அந்த ஸ்டூலைப் பார்த்தார். அது உயரம் குறைவாக இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார்.

அங்கே ரைஸ் மில் ஐயாதுரை நடத்திய கும்பாபிஷேகத்துக்குப் போன மாதம் மூன்று கருடன் வந்திருந்தது. கோதண்டபாணி அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. ஐயாதுரை பால்கோவா கொடுத்து உட்காரவைத்து, செல்போனில் வீடியோவைக் காட்டினார். நாலு நிமிட வீடியோ. அதில் ஐயாதுரை கண்ணீர் மல்க அண்ணாந்து பார்க்கும் காட்சி மூன்றரை நிமிடம். மிச்சம் கருடன்.

"எப்படி அண்ணாச்சி வரவச்சீக?"

"நாம கூப்புடறதா தம்பி? அவரா வாராரு." ஐயாதுரை போனை அணைத்தார். "இருபத்திரெண்டு வருஷமா சனிக்கிழமை விரதம் இருக்கேன். அவருக்குத் தெரியாதா?"

ஹரிகிருஷ்ணன் விரலை மடக்கிப் பார்த்தார். கும்பாபிஷேகத்துக்குள் இரண்டே சனிக்கிழமைதான் இருந்தது.

திரும்பும் வழியில், ஊர் முகப்பில், தெரிந்த பையன் ஆல்வினின் கோழிக்கடை. கடைக்குப் பின்னால், மின்கம்பத்தில், வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாகச் சாட்சாத் கருடனே உட்கார்ந்திருந்தது. ஹரிகிருஷ்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அதுவா? தெனமும் வாரதுதான்" என்றான் ஆல்வின், கோழியின் இறகைப் பிடுங்கிக்கொண்டே. "கழிவு கொட்டுற நேரத்துக்கு டாண்ணு வந்துரும். இந்தப் பக்கம் ஏழெட்டு கெடக்கு."

"எனக்கு ஒம்பது இருபதுக்கு வேணும் ஆல்வின். கோயில் பக்கத்துல."

"பத்து நாளைக்கு ஒரே எடத்துல, ஒரே நேரத்துல குடலைப் போடுங்க. பொறவு நீங்க வேணாம்னாலும் வரும்."

"கோயிலுக்குன்னு சொல்லிட்டு, கோழிக் குடலா?"

"கோயிலுக்கு யாரு கேட்டா அண்ணாச்சி? கருடனுக்கு."

நியாயமாகத்தான் பட்டது.

கோயிலுக்குப் பின்புறம் மில்லின் பழைய பஞ்சு குடோன். மறுநாள் காலை 9.20க்கு ஹரிகிருஷ்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அதன் மொட்டைமாடியில் முதல் வாளியைக் கவிழ்த்தார். அரை நிமிடத்தில் காகங்கள் வந்தன. மறுநாள் தங்கள் சொந்தபந்தங்களையும் கூட்டிவந்தன. கோயில் பட்டர் பிராகாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அமாவாசைக்குத் தொண்டை வறளக் கூப்பிட்டாலும் ஒண்ணு வரதில்லை. இன்னிக்கு என்ன விசேஷம்?"

"பொதுவா வந்திருக்குங்க சாமி" என்றார் ஹரிகிருஷ்ணன் மேலிருந்து.

நான்காம் நாள் முதல் கருடன் இறங்கியது. காகங்கள் இடத்தைக் காலி செய்தன. ஆறாம் நாள் ஏழு கருடன். ஹரிகிருஷ்ணன் டைம் ஆபீஸிலிருந்து ஒரு பழைய வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து ஏழுக்கும் நம்பர் போட்டார். 9.21க்கு வந்ததைத் தாமதம் என்று குறித்தார்.

ஒரே ஒரு குறை. அவை வந்தன, தின்றன, உட்கார்ந்தன. ஒன்றுகூடச் சுற்றவில்லை. எதிரே கோபுரத்துச் சாரத்தில் வரிசையாக அமர்ந்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கமிட்டி உறுப்பினர்களைப் போல ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஏழாம் நாள் முதலாளி பார்வையிட வந்தார்.

"ஏன் ஹரி உக்காந்திருக்கு?"

"ரெஸ்ட் எடுக்குதுக முதலாளி."

"டூட்டி நேரத்துலயா?"

"நாளைக்குச் சரியாயிரும்."

"கருடன் சுத்துனாத்தான் விசேஷம். இப்படிக் குத்தவச்சு உக்காந்தா பாக்கிறவன் என்ன நெனப்பான்? பிணந்தின்னிக் கழுகுன்னு நெனப்பான். ஐயாதுரை வேற சிறப்பு விருந்தினரா வாரான்."

திருப்தி இல்லாத தொழிலாளிதான் வேலை செய்ய மாட்டான் என்பது ஹரிகிருஷ்ணனின் முப்பத்தொரு வருஷ அனுபவம். அன்றே குடலோடு ஈரலைச் சேர்த்தார். மறுநாள் அயிரை மீனும் வைத்தார். அதன்பின் கருடன்கள் சாரத்துக்குக்கூடப் பறக்கவில்லை. மாடியிலேயே நடந்தன. மூன்றாம் நம்பர் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது.

பறக்கவைக்க வேறு வழி தெரியாமல் ஹரிகிருஷ்ணன் ஒரு சரவெடியைக் கொளுத்தினார். சிவகாசி பக்கத்தில் இருப்பதால் சரக்கு நன்றாக இருந்தது. மூன்றாம் நம்பர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஆனால் ஒரு வெடி தனியாகத் தெறித்துப் போய் யாகசாலைக் கூரையில் விழுந்தது. கிழக்கு மூலையில் பத்துக் கீற்று எரிந்த பிறகு அணைத்தார்கள். அக்னி பகவான் முன்கூட்டியே வந்துவிட்டார் என்று பட்டர் சொல்லிச் சமாளித்ததால் விஷயம் போலீஸ் வரைக்கும் போகவில்லை.

முதலாளி எரிந்த கீற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"ஹரி, இந்த நிமிஷத்தோட தீனிய நிறுத்து. ஒரு வாளி மேல ஏறக் கூடாது. இனிமே உசுருள்ளத நம்ப வேணாம். கையில கட்டுப்படுறதா ஒண்ணு ஏற்பாடு பண்ணு."

மூன்று நாட்கள் இருந்தன. கையில் கட்டுப்படுகிற கருடன் என்றால் பட்டம்தான்.

காகிதம் கிழியும் என்பதால் துணியில் செய்ய முடிவாயிற்று. வெங்கடேஸ்வரிக்கு இதில் விருப்பம் இல்லை. ஆனாலும் கையில் எடுத்த உருப்படியை அரைகுறையாக விடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. மூங்கில் சிம்பு வைத்து, ஏழடிச் சிறகோடு, மடிப்பு மடிப்பாக வாலும் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அவளிடம் இருந்த பழுப்பு நிறத் துணியில் மஞ்சள் பூ போட்டிருந்தது.

"பூ தெரியுதே" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"ஆகாசத்துல யாரு வந்து பூவப் பாக்கப் போறா? அதெல்லாம் தெரியாது."

"இது என்ன, றெக்கையில?"

அவள் குனிந்து பார்த்தாள். "பாக்கெட்டு. கைப்பழக்கத்துல வச்சுட்டேன். இருந்துட்டுப் போகட்டும்."

முதலாளி தம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கருடனை விரித்துப் பார்த்தார். பூவையோ பாக்கெட்டையோ அவர் கவனிக்கவில்லை. வேறு ஒன்று அவரை உறுத்தியது.

"பேரு எங்க?"

"பேரா முதலாளி?"

"கோயில்ல டியூப்லைட்ல எம்பேரு இருக்கு. ஃபேன்ல மூணு றெக்கையிலயும் இருக்கு. கருடன்ல மட்டும் இல்லேன்னா யாரு செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதான முதலாளி..."

"சின்னதா போடு."

மில்லில் நூல் பேல் மூட்டைகளின் மேல் முகவரி அடிக்கிற அச்சுத் தகடு ஒரே அளவில்தான் இருந்தது. எழுத்துக்கு ஓர் அடி உயரம்.

கும்பாபிஷேகத்தன்று மில் காலனியில் நிற்க இடம் இல்லை. மேடையில் கோதண்டபாணியும் பக்கத்தில் ஐயாதுரையும் பட்டு அங்கவஸ்திரத்தோடு அமர்ந்திருந்தார்கள். பட்டர் குடத்தோடு சாரத்தில் ஏறிக் கலசத்துக்குப் பக்கத்தில் நின்றார். மணி 9.20 ஆனது. ஐயாயிரம் தலைகள் அண்ணாந்தன. வானம் கழுவிவைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

9.22க்கு ஐயாதுரை மெல்லச் சாய்ந்து, "அவரு வர நேரம் ஆகும்போல" என்றார்.

கோதண்டபாணி மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, இந்தப் புண்ணிய நேரத்திலே..." என்று தொடங்கி, இடது கையால் குடோன் பக்கம் துண்டை அசைத்தார்.

ஹரிகிருஷ்ணன் நூலை விட்டார். காற்று இல்லை. மாடி முழுக்க முன்னும் பின்னும் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் அப்படி ஓடியது அந்த ஸ்டூலை நினைத்துத்தான். மூன்றாவது ஓட்டத்தில் மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. கருடன் ஜிவ்வென்று எழும்பிக் கோபுரத்துக்கு மேலே போய்ச் சிறகை விரித்தது.

"கோவிந்தா" என்று கூட்டம் கையைத் தூக்கியது.

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. ஐயாதுரை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நல்ல உச்சரிப்போடு வாய்விட்டு வாசித்தார்.

"உபயம். தொழில் ஞாயிறு கோ. கோதண்டபாணி."

கூட்டத்தின் பின்பக்கத்தில் யாரோ செருமினார்கள். அது வரிசையாக முன்னால் வந்து சிரிப்பாக மாறியது. அந்த நேரம் காற்றும் நின்றது. கருடன் தலைகுப்புறத் திரும்பி, பந்தலுக்குக் கரண்டு வரும் ஒயரில் போய் விழுந்து, புகைந்தது. "இது என்னுடைய பணிவான" என்று கோதண்டபாணி தொடங்கியதோடு மைக் நின்றுபோனது. நாதஸ்வரக்காரர் வாசிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சீவாளியைத் துடைத்தார்.

மேலே பட்டர் குடத்தைத் தூக்கிப் பிடித்தார். "முகூர்த்தம் இன்னும் ஏழு நிமிஷம்தான்" என்று கத்தினார். குடோன் மாடியில் ஹரிகிருஷ்ணன் அறுந்த நூலோடு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த உயரம் ஏறக்குறைய அந்த ஸ்டூலின் உயரம்தான்.

அப்போது மேற்கே, மலைப்பக்கம், ஒரு புள்ளி தெரிந்தது.

பிறகு இரண்டு. பிறகு ஏழு. நெருங்கி வந்தபோது பதினொன்று இருந்தன. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. கோபுரத்துக்கு மேலே வந்து, சிறகசைக்காமல், ஒரு வட்டம். இரண்டு. மூன்று. நிற்காமல் நான்காவது. பட்டர் அழுதுகொண்டே தீர்த்தத்தை விட்டார். மைக் இல்லாமலே "கோவிந்தா" சத்தம் ஊர் எல்லை வரை கேட்டது. சற்று முன்னால் சிரித்தவர்கள்தான் எல்லோரையும்விட உரக்கக் கூப்பிட்டார்கள். ஐயாதுரை எழுந்து நின்று எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"பதினொண்ணா?" என்றார்.

கோதண்டபாணி கண்ணை மூடிக் கைகூப்பினார். "நாம கூப்புடறதா? அவரா வாராரு."

கீழே இறங்கி வந்த ஹரிகிருஷ்ணனை முதலாளி கூட்டத்துக்கு நடுவிலேயே கட்டிக்கொண்டார். "ரெண்டு இல்ல ஹரி, மூணு வருஷம். நீ போட்ட தீனிதான்யா வேலை செஞ்சிருக்கு." பெண்கள் வரிசையில் நின்றிருந்த வெங்கடேஸ்வரிக்கு அது கேட்டது. அவள் கருடனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பக்தி இல்லை.

அன்னதானப் பந்தலில் ஆல்வின் மூன்றாவது முறையாகச் சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தான். ஹரிகிருஷ்ணன் அவனுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தார். இதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு அவனைத் தவிர ஆள் இல்லை.

"பாத்தியாலே ஆல்வின்? மூணு நாள் தீனிய நிப்பாட்டியும் மறக்கல. தின்ன சோத்துக்கு விசுவாசமா வந்து எப்படிச் சுத்துச்சு பாத்தியா?"

ஆல்வின் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டான்.

"அட நீங்க ஒண்ணு. கும்பாபிஷேகம் முடியுற வரைக்கும் ஒரு கறிக்கடை, மீன்கடை தொறக்கப்படாதுன்னு உங்க கமிட்டி நோட்டீஸ் ஒட்டி மூணு நாளாச்சு அண்ணாச்சி. போன மாசம் வில்லிபுத்தூர்லயும் இதே கதைதான். கொலப்பட்டினியில கெடக்குற பறவை சுத்தாம என்ன செய்யும்?"