உங்கள் அக்காவுக்குப் பிடித்த புகையிலை

அன்பும் மரியாதையும் கலந்து மாப்பிள்ளைக்கு எழுதுவது,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதற வேண்டாம். நல்ல செய்திதான். நல்ல செய்தி என்றுதான் நினைக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நான் பைப் பிடிப்பது உங்களுக்குத் தெரியும். அது உங்கள் அக்காவுக்குப் பிடிக்காது என்பது தெருவுக்கே தெரியும். கடை கடையாகப் போய்த் தராசு சோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தவரை வெளியிலேயே பிடித்துத் தொலைத்தேன். ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்த அன்றே எல்லை பிரித்துவிட்டாள். தையல் மிஷின் இருக்கும் கூடம் அவளுக்கு, துணி காயும் பால்கனி எனக்கு, நடுவில் கண்ணாடிக் கதவு. கதவில் கை வைத்தால் போதும், "அந்த நாத்தத்தோட உள்ள வராதீங்க, தைக்கக் குடுத்தவங்க துணியை மோந்து பாத்துட்டு மூஞ்சியைச் சுளிக்கிறாங்க" என்பாள். சாப்பாடு தயார் என்றால் கண்ணாடியைத் தட்டுவாள். காப்பி வேண்டுமென்றால் நான் கையை டம்ளர் மாதிரி பிடித்துக் காட்டுவேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஊமைப் படம் ஓட்டிக்கொண்டிருந்தோம் மாப்பிள்ளை.

இப்படி இருக்கையில் என் வழக்கமான புகையிலை தீர்ந்து கடைக்குப் போனேன். கடைக்காரர் இல்லை, அவர் மருமகன்தான் இருந்தார். "நீங்க கேக்குறது இப்ப வர்றதில்ல சார். இதைப் பிடிச்சுப் பாருங்க, புதுக் கலவை" என்று ஒரு காகிதப் பையை நீட்டினார். பெயர் என்ன என்றேன். "கலவைதான் சார் பேரு" என்றார். வீட்டுக்கு வந்து பற்றவைத்தேன். முதல் இழுப்பு, நனைந்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. அடுத்தது உலர்ந்த திராட்சை. அதற்கடுத்தது செருப்புக் கடை. இது பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்று நான் முடிவுக்கு வருவதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. பதறிப்போய்ப் பைப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், சட்டை பொசுங்கியது. உங்கள் அக்கா, மடிப்புத் தைக்கவேண்டிய ஒரு கால்சட்டையோடு வந்து எதிர் முக்காலியில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்தாள். "என்னங்க, இன்னிக்கு நாத்தமே இல்ல?" என்றாள். குரல்கூட ஏதோ தழுதழுத்த மாதிரி இருந்தது. அதற்கு அப்புறம் ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்கள், ஆயுசில் அப்படியொரு புகையிலையை நான் பிடித்ததில்லை!

அன்றிலிருந்து தினமும் வந்தாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது. மாடி வீட்டுப் பல் டாக்டர், தன் பல்லைக் காட்டப் பயந்துகொண்டு ஒரு பக்கமாகவே மெல்லுகிறாராம். சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அவளே முதுகில் தட்டினாள்.

பை காலியாகும்வரை, இது தீர்ந்துபோகும் என்பதே எனக்கு உறைக்கவில்லை. காலியானதும் கடைக்கு ஓடினேன். இந்தத் தடவை மாமனார், மருமகன் இருவரும் இருந்தார்கள்.

"புதுக் கலவையா? நாம எப்பய்யா கலவை போட்டோம்?" என்றார் மாமனார்.

"டப்பா அடியில கெடந்ததை எல்லாம் ஒண்ணாக் கொட்டி வெச்சேன் மாமா. வீணாப் போகுதேன்னு."

"எது எதுய்யா கொட்டின?"

"எது எது இருந்துச்சோ அது அது."

மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். நான் அழாத குறை. கடையில் இருந்த ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் கட்டச் சொல்லி வாங்கிவந்து, என் பழைய சோதனைத் தராசைத் தூசி தட்டி வைத்து, நானே கலக்க ஆரம்பித்தேன். கண்டதையும் திணித்ததில் புகை வரவில்லை. வாசல் காவலாளியிடம், "பைப் அடைச்சுக்கிச்சு, மெல்லிசா ஒரு கம்பி கெடைக்குமா?" என்று கேட்டதுதான் தாமதம், அவன் ஒரு பிளம்பரை அனுப்பிவிட்டான். அந்த மனிதர் குளியலறைக் குழாயைப் பாதி கழற்றிய பிறகுதான், நான் சட்டைப்பையில் இருந்த பைப்பை எடுத்துக் காட்ட வழி கிடைத்தது. "இதுக்கெல்லாம் நாங்க வர்றதில்லீங்க" என்று கோபித்துக்கொண்டு, கழற்றினதை மாட்டாமலே போய்விட்டார்.

ஆனால் அதிசயத்தைக் கேளுங்கள். நான் எதைக் கலந்தாலும் உங்கள் அக்கா வந்து உட்காருகிறாள்! அதிகப்படியாக இனித்ததற்கும் வந்தாள், காரலுக்கும் வந்தாள். நேற்று கைதவறி, எனக்கே குமட்டும் என்று ஒதுக்கிவைத்ததைக் கொளுத்திவிட்டேன். போச்சு, எழுந்து போகப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால், "இங்க வெளிச்சம் நல்லா இருக்குங்க" என்று முக்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்படியானால் இந்தக் குமட்டல்தான் அசல் கலவையின் உயிர்நாடி என்று தீர்மானித்துவிட்டேன். காலையிலிருந்து எனக்கும் அது பிடிக்கத் தொடங்கிவிட்டது. எனவே மாப்பிள்ளை, உங்கள் ஊர் மொத்தக் கடையில் இதே சரக்கு கிடைக்கும் என்கிறார்கள். மாதிரிக்கு ஒரு சிட்டிகை உறைக்குள் வைத்திருக்கிறேன். தீர்ந்துபோவதற்குள் எனக்காக ஒரு மூட்டை பிடித்துப் போடவும். என் குடும்ப வாழ்க்கை தங்கள் கையில் இருக்கிறது.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் குறைவில்லாமல், நல்ல நுரையீரலோடு நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
குழப்பத்திலும் மகிழ்ச்சியிலும் இருக்கும்
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: மூட்டை வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் அக்கா பால்கனிக்கு வந்து, பெரிதாக ஒரு தும்மல் போட்டு, "அய்யய்யோ, என்ன கருமத்தை எரிக்கிறீங்க?" என்று அலறினாள். இத்தனை நாள் இதன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய் என்றேன். "சளிங்க! மூக்கு அடைச்சு ஒரு வாசமும் தெரியாம கெடந்தேன், அடுப்புல பால் தீஞ்சதுகூடத் தெரியல. இப்பத்தான் தெறந்திருக்கு" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, முடிந்தது கதை என்று பைப்பைத் தட்டிக் கவிழ்க்கப் போனேன். கதவு திறந்தது. மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, யாருடைய சட்டையையோ தூக்கிக்கொண்டு வந்து, "தள்ளி உக்காருங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்றபடி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நாத்தம்னு சொன்னியே" என்றேன். "நாத்தம்தான். அதுக்காக?" என்கிறாள். மாப்பிள்ளை, நீங்கள் அவளோடு கூடப் பிறந்தவர். அதுக்காக என்றால் என்ன அர்த்தம்? தெரிந்தால் உடனே எழுதவும்.