சாமா வீட்டுக் கணப்பு

போனை வைத்த கையோடு சாமா கூடத்தின் நான்கு சுவர்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எதிலும் குளிர்காயத் தீ மூட்டுகிற கணப்பு இல்லை. தாராசுரத்தில் யார் வீட்டிலும் இல்லை. மார்கழியிலும் மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குகிற ஊர் அது.

"ஆகட்டும்னு சொல்லிட்டேன்," என்றார் மனைவி அகிலாண்டத்திடம்.

சாமா ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று மாடியறைக்கு வெள்ளையடித்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தார். பெங்களூரில் இருக்கும் மகன் விஸ்வாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. இந்த சீசனிலும் ஆள் வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னுடன் வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தான். அவன் குடியிருப்பது அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில். போன கோடையில் அங்கே போன சாமா, லிஃப்டுக்குப் பயந்து, ஊர் திரும்பும்வரை மண்ணை மிதிக்கவே இல்லை.

இந்த நிலைமையில்தான் முதல் விருந்தாளியாக ஸ்காட்லாந்திலிருந்து ஆக்னஸ் என்கிற அம்மையார் வருகிறார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்து, இரண்டு ராத்திரி தங்கி, கோயில் சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. சாப்பாடு, கட்டில், கொசு எதைப் பற்றியும் அவர் விசாரிக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஸ்டாக்கிங்ஸ் மாட்ட இடம் இருக்குமா?

"அப்படின்னா?" என்றாள் அகிலாண்டம்.

"நீளமான காலுறை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி கணப்புக்கு மேல மாட்டிடுவா. தாத்தா ஒருத்தர் புகைபோக்கி வழியா இறங்கி வந்து அதுக்குள்ள பரிசைப் போட்டுட்டுப் போவார். கவலையே படாதீங்கோ, தீ மூட்டியே வைக்கறேன்னு சொல்லிட்டேன்."

அகிலாண்டம் யோசித்தாள். "இறங்கறதுக்குத்தான் முற்றம் திறந்திருக்கே. தீ எதுக்கு? வர்றவர் காலைச் சுட்டுக்கறதுக்கா?"

அது அடுத்த பாடம் என்று சொல்லிவிட்டு, சாமா கும்பகோணத்துக்கு பஸ் ஏறினார்.

அங்கே ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் செங்கல் படம் போட்ட ஒட்டுத்தாள் கிடைத்தது. கூடத்துச் சுவரில் கணப்பு வடிவத்தில் வெட்டி ஒட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அன்றிரவு நல்ல மழை. விடிந்தபோது தாள் தரையில் கிடந்தது. சுவரின் சுண்ணாம்புப் பூச்சையும் கூடவே அழைத்து வந்திருந்தது. உள்ளே இருந்த பழைய செங்கல் பளிச்சென்று தெரிந்தது.

"இது நிஜச் செங்கல். இதையே காட்டிடுங்கோ," என்றாள் அகிலாண்டம்.

பூச்சைச் சரிசெய்ய இராஜாங்கம் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவரைக் கண்டதும்தான் சாமாவுக்கு அந்த எண்ணம் வந்தது. பூசி மறைப்பானேன், நிஜமாகவே ஒரு கணப்பு கட்டிவிட்டால் என்ன? தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். கீழே வளைவு, மேலே ஒரு பலகை, பலகையில் இரண்டு பித்தளைக் கொக்கி. இராஜாங்கம் சாக்கட்டிப் படத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, புரிந்துவிட்டது, நீங்கள் போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

இராஜாங்கத்துக்கு வேலையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதுவரை செய்ததெல்லாம் கோயில் திருப்பணிகள்தான். அன்று சாயங்காலம் சாமா கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது வளைவு, சாமி சிலையைச் சுற்றி நிற்கும் திருவாசியாக மாறியிருந்தது. பலகையின் இரு பக்கமும் யாளி உட்கார்ந்திருந்தது. உச்சியில் சின்னதாக ஒரு கலசம்.

"மொட்டையா விட மனசு வரலைங்க சார்," என்றார் இராஜாங்கம். புகை போக ஓட்டை மட்டும் பாக்கி. மழை விட்டதும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவினார்.

மறுநாள் காலை பூக்காரி வழக்கத்துக்கு அதிகமாக ஒரு முழம் வைத்துவிட்டு, எந்த சாமி என்று கேட்டாள். எதிர்வீட்டு அம்மாள் அகல்விளக்கோடு வந்தாள். சாமா, இது சாமி இல்லை, அடுப்பு என்று வந்தவர்களிடமெல்லாம் விளக்கினார். அவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். கும்பாபிஷேகம் தையிலா மாசியிலா என்று ஒருவர் விசாரித்தார். உச்சி வேளைக்குள் யாளிகளுக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது. அகிலாண்டமே அந்தப் பக்கம் போகும்போது தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவள் பேச்சு மாறிவிட்டது.

"கால்ல போடறதை இது மேல மாட்ட விடமாட்டேன்."

"இது அடுப்பு, அகிலம்."

"அடுப்புன்னா எரியட்டும். பார்க்கறேன்."

ஆகவே, ஆக்னஸ் அம்மையார் வரவேண்டிய அன்று பிற்பகல், சாமா சவுக்குக் கட்டையை அடுக்கித் தீ மூட்டினார். கட்டை மழையில் ஊறியிருந்தது. தீ வரவில்லை, புகை வந்தது. மழைக்காக முற்றத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்ததால், போக வழியில்லாத புகை கூடத்தை நிரப்பி, சமையலறைக்குப் போய், மாடியேறி, விருந்தாளிக்காக விரித்த புது விரிப்பில் படிந்தது. தெருவே வாசலில் கூடிவிட்டது. ஹோமம் என்று நினைத்து இரண்டு பெண்கள் நெய்க் கிண்ணத்தோடு வந்திருந்தார்கள். வேண்டாம் என்று சாமா சொல்வதற்குள் ஒருத்தி ஊற்றிவிட்டாள். குப்பென்று பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் உள்ளூர் டாக்ஸிக்காரர் ஷேக் பரீத்தின் கார் வந்து நின்றது. திருச்சி விமான நிலையத்திலிருந்து அம்மையாரை அழைத்துவந்தவர் அவர்தான்.

எல்லாம் போயிற்று, இனி பெங்களூர்தான் என்று சாமாவுக்குத் தோன்றியது. இருந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பரீத்தின் கையைப் பிடித்தபடி மெல்ல நடந்துவந்த உயரமான அந்த அம்மாளைப் புகைக்குள் அழைத்துப்போய், எரிகிற தீயையும் பித்தளைக் கொக்கிகளையும் காட்டி, "உங்கள் ஸ்டாக்கிங்ஸுக்காக," என்றார் இங்கிலீஷில்.

ஆக்னஸ் அம்மையார் திருவாசியையும் யாளிகளையும் ஏற இறங்கப் பார்த்தார். எனக்காகவா இதைக் கட்டினீர்கள் என்று கேட்டார். சாமா தலையாட்டினார். அம்மையாரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. புகையாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. பிறகு கைப்பையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து நீளமான இரண்டு காலுறைகளை எடுத்து, கொக்கிக்கு ஒன்றாக மாட்டினார். சிவப்பும் இல்லை, மணியும் இல்லை. தோல் நிறத்தில் ஈரமாகத் தொங்கின. ஸ்காட்லாந்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று சாமா நினைத்துக்கொண்டார். கூட்டம் எட்டிப் பார்த்தது. அகிலாண்டம் வாயைத் திறப்பதற்குள் அம்மையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு ராத்திரி போதாது, பொங்கல் வரைக்கும் இங்கேயே இருக்கலாமா என்று கேட்டார்.

சாமா உடனே விஸ்வாவுக்குப் போன் செய்தார். அப்படி என்ன செய்தீர்கள் என்று அவன் கேட்டான். அவா பழக்கத்தை மதித்தோம், அவ்வளவுதான் என்றார் சாமா.

பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த பரீத்திடமும் அதையே சொன்னார். "பார்த்தியா பரீத், அவா பண்டிகையை நாம மதிச்சா எப்படி உருகிப் போயிடறா."

பரீத் பெட்டியைக் கீழே வைத்தார். 

"பண்டிகைக்கு இல்ல சார். அது காலுல நரம்பு சுருட்டிக்கிட்டதுக்கு டாக்டர் போடச் சொன்ன உறை; தினம் துவைச்சுக் காயப்போட ஒரு கொடி கிடைக்குமான்னுதான் போன்ல கேட்டாங்களாம், அதுக்குத் தீயே மூட்டி வைக்கறேன்னு சொன்ன மனுஷரைப் பார்க்கணும்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தாங்க."