எட்டு டன்னா, ஆறு டன்னா

கணவரின் சமன்பாடு அடுத்த தொட்டியில் எட்டு டன் ஈஸ்ட் விளையும் என்றது. மனைவியின் நியூரல் நெட்வொர்க் ஆறுதான் என்றது. நடுவில் உட்கார்ந்திருந்த மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ஈஸ்ட் தொழிற்சாலையில், ஒரே அறையில் வேலை. சர்க்கரை, காற்று, சூடு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிச் சமன்பாடு எழுதுகிறவர் அவர். அவளுடைய நெட்வொர்க்கோ பழைய தொட்டிகளின் அளவுகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட கணினி நிரல். காரணம் கேட்டால் வாய் திறக்காது.

"உங்க வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்குங்க. எனக்கு ஒரு கணக்கு போதும்" என்று மேலாளர் எழுந்து போனார்.

சண்டை வீட்டுக்கும் கூடவே வந்தது.

"ஏன் ஆறுன்னு உன் மெஷினைச் சொல்லச் சொல்லு பார்ப்போம்."

"உங்களுக்கு ஏன்னு மட்டும் தெரியும். எவ்வளவுன்னுதான் தெரியாது."

அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் சீக்கிரமே போய், சமன்பாட்டில் ஈஸ்ட் சாகும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். அது சமர்த்தாக ஆறு என்றது.

மேலாளர் முன்னால் அவளுடைய நெட்வொர்க் எட்டு என்றது.

"என்ன பண்ணித் தொலைச்ச?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"முகம் வாடிப்போச்சேன்னு பாவம் பார்த்தேன். உங்க சமன்பாடு போட்ட கணக்கையெல்லாம் கொடுத்துப் படிக்க வச்சேன்."

"என்ன, விளையாடுறீங்களா ரெண்டு பேரும்?" என்றார் மேலாளர்.

தொட்டி ஏழு டன் தந்தது.

அதற்கடுத்த தொட்டிக்கு, வம்பே வேண்டாமென்று இரண்டு கணக்கையும் கூட்டிப் பாதியாக்கி ஏழு என்றார்கள். ஐந்துதான் வந்தது. ஈஸ்ட்டுக்காகக் காத்திருந்த ரொட்டிக்காரர்கள் மேலாளரைப் போனில் வறுத்தெடுத்தார்கள். அவர் இவர்களை வறுத்தெடுத்தார்.

கடைசியில் அவள்தான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உங்க சமன்பாடு முதல்ல கணக்கைச் சொல்லட்டும். அது எங்கெங்க தப்புதுன்னு மட்டும் என் நெட்வொர்க் கத்துக்கட்டும். ரெண்டையும் சேர்த்துப் பார்ப்போம்."

ஒரு வாரம் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். அவர் காரணம் சொன்னார். அவள் பிசகு காட்டினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வீட்டிலும் சண்டையில்லாமல் பேச்சு நடந்தது. கணக்கு சொன்னபடியே அடுத்தடுத்த தொட்டிகள் விளைந்தன. மேலாளர் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டும் இவ்வளவு அழகா ஒண்ணாகும்னு நான் நினைக்கவே இல்லை" என்றார். கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை சிரித்துப் பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள். காவலாளி சங்கடத்தோடு ஒரே ஓர் அடையாள அட்டையை நீட்டினார்.

"சார், அம்மா, கோவிச்சுக்காதீங்க. வேலை ஒண்ணாயிடுச்சாம், இனிமே ஒரு ஆள் போதுமாம். யாரு உள்ள போறதுன்னு உங்களையே பேசி முடிச்சுக்கச் சொன்னாங்க."