காலஞ்சென்ற கஸ்தான்யே கேலரி

உள்ளூர்ப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் "காலஞ்சென்ற ரொலான் கஸ்தான்யே" என்று படித்தபோது, ரொலான் கஸ்தான்யே காபியில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தார். ரொட்டி பாதி கரைந்து கோப்பைக்குள் விழுந்தது.

மோன்பெரூ நகரசபை, கால்பந்து மைதானத்தின் புதுக் கேலரிக்கு அவர் பெயரை வைக்கிறதாம். சனிக்கிழமை திறப்பு விழா.

"பாத்தியா சொலாஞ்? எனக்கு ஒரு கேலரி!"

"முதல் வார்த்தையப் படிங்க" என்றாள் மனைவி.

பதினான்கு வருஷம் இரண்டாம் டிவிஷனில் தடுப்பாட்டம் ஆடியவர் ரொலான். பந்தை விட்டாலும் விடுவார், காலை விடமாட்டார். மொத்தம் அடித்தது இரண்டு கோல், இரண்டும் சொந்த வலையில். கோப்பை கிடையாது, பதக்கம் கிடையாது. சிவப்பு அட்டை மட்டும் பதினொன்று. இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு கேலரி கிடைத்தால் விடுவாரா? இருந்தாலும் தப்பைத் திருத்தத்தான் நகரசபைக்குப் போனார்.

செயலாளர் ஒதேத் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ரொலான் கஸ்தான்யே சாகலைங்க" என்றார்.

"அப்படியா? அப்போ பேரை எடுத்துடணும். செத்தவங்க பேரைத்தான் வைக்கலாம்னு இங்க விதி. உயிரோட இருக்கறவங்க நாளைக்கு எதையாவது பண்ணி ஊர் மானத்தை வாங்கிடுவாங்க இல்ல? பட்டியல்ல அடுத்தது கோல்கீப்பர் வெய்ராக். அவரு முறைப்படி செத்திருக்காரு."

"அந்த ஓட்டைக் கையனுக்கா!"

ஒதேத் பேனாவை எடுத்துப் பெயரை அடிக்கப் போனாள். ரொலான் குறுக்கே கையை நீட்டினார்.

"இருங்க, இருங்க. துக்கத்துல உளறிட்டேன். அண்ணன் செத்துட்டாரு. நான் அவரு தம்பி. மர்செல்."

ஒதேத் ஏற இறங்கப் பார்த்தாள். "ரொம்ப வருத்தமா இருக்கு மர்செல். குடும்பத்துக்குச் சம்மதம்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

மத்தியானத்துக்குள் வீட்டு வாசலில் ஏழு சாமந்திச் செடித் தொட்டிகள் வந்து இறங்கின. கல்லறைக்கு வைக்கிற பூ. சொலாஞ் அவற்றையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னைக் கேக்காம என்னை விதவையாக்கிட்டு வந்திருக்கீங்க!"

"சனிக்கிழமை வரைக்கும்தாண்டி."

கறிக்கடைக்காரர் துக்கத்துக்கென்று இரண்டு முழம் சாசேஜ் கொடுத்தனுப்பியதும் அவள் கொஞ்சம் சமாதானமானாள். ஆனால் மறுநாள் ரொட்டிக்கடையிலிருந்து முகம் சிவக்கத் திரும்பினாள்.

"புருஷன் போய் ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள கொழுந்தனை வீட்டுல வெச்சிருக்கேன்னு பேசறாங்க! மூட்டையைக் கட்டுங்க."

ரொலான் தோட்டத்துக் கொட்டகைக்குக் குடிபோனார். மண்வெட்டிக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவில் மூன்று நாள் படுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வெளியே போகையில் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று ஒரு மீசையையும் ஒட்டிக்கொண்டார். முப்பது வருஷமாக அவரைப் பார்த்துவரும் ஊரில் ஒருவருக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை ஊரே திரண்டுவிட்டது. மேயர் ஜில்பேர் வெர்னே நொண்டிக்கொண்டே மேடை ஏறினார். அவரும் பழைய ஆட்டக்காரர்தான், பக்கத்து ஊர் அணியின் முன்களவீரர். அவருடைய வலது கணுக்காலை ரொலான் இரண்டு தடவை உடைத்திருக்கிறார். இரண்டாவது தடவை பந்து மைதானத்திலேயே இல்லை.

"ரொலான் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரு" என்று ஆரம்பித்த மேயருக்குக் குரல் அடைத்துக்கொண்டது. "அவருக்காக ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

எல்லோரும் எழுந்து தலைகுனிந்தார்கள். மேயரின் தோள்கள் குலுங்கின. கறிக்கடைக்காரர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரி கண்ணைத் துடைத்தாள்.

ரொலான் மேயரையே பார்த்தார். காலை உடைத்தவனுக்காக ஒரு மனுஷன் இப்படி அழுவானா? இந்த நல்லவனை ஏமாற்றி வாங்கும் கேலரி வேண்டவே வேண்டாம் என்று தோன்றியது. மேடைக்கு ஓடி மீசையைப் பிய்த்தார்.

"ஜில்பேர், நான்தாண்டா! உயிரோடதான் இருக்கேன். கேலரியை வெய்ராக்குக்கே குடுத்துடு. உன் காலுக்கு... என்னை மன்னிச்சுடுடா."

மேயர் கண்ணைத் துடைத்தார். மீசையை வாங்கி ரொலானின் உதட்டுக்கு மேல் பொறுமையாக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார்.

"மனசைத் தேத்திக்கங்க மர்செல். போனவரு போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

ஒன்றும் புரியாமல் நின்ற ரொலானின் காதருகே ஒதேத் குனிந்தாள்.

"கேலரிக்குப் பேர் வைக்கற மனுவுல உங்களைச் சாகடிச்சதே மேயர்தாங்க. அந்தக் காலுக்காக உங்களை ஒரு தடவையாவது உயிரோட புதைச்சுப் பாத்துடணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை, அதான் ஊரே ஒரு நிமிஷம் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னோம்."