கிணற்றில் மிதந்த மாப்பிள்ளை

உடுப்பு எடுத்தால் ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பது எங்கள் குடும்பத்துப் பரம்பரை வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், பம்பாயில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை செய்யும் ஒரு கம்பெனியில் எடுபிடியாக இருந்தேன். நீச்சல் குளத்தில் சில தடவை சிலிண்டரோடு முங்கப் பழக்கினார்கள். (ஊரில் இதைத்தான் 'கடலடியில் உத்தியோகம்' என்று பரப்பிவிட்டிருந்தேன்.) சொந்த ஊரான சூரமங்கலத்துக்கே திரும்பிவிடுவதென்று கிளம்பியபோது, பழைய சாமான்களிலிருந்து ஒரு காற்று சிலிண்டரும் ஒரு மிதவைச் சட்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மிதவைச் சட்டை, காற்றடைத்தால் ஆளை மேலே தூக்கும், காற்றை வெளியே விட்டால் கீழே இறக்கும்.

இரண்டு சட்டைகள் இருந்தன. தூத்துக்குடிக்காரரான எங்கள் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏலே, நீலத்த எடு. ஒத்த சிலிண்டருக்கு அது போதும். செவப்பு, ரெட்டை சிலிண்டருக்கு உள்ளது. சட்டை ஒடம்போட ஒட்டி நிக்கணும்ல. காத்து விடுற குழா கைக்கு எட்டுதான்னு பாரு!"

நான் சிவப்பைத்தான் எடுத்தேன். நாளைக்குக் கல்யாணமாகி உடம்பு வைத்தால் என்ன செய்வது?

அந்தக் கல்யாணப் பேச்சும் வந்தது. பெண் சரசு, நாமகிரிப்பேட்டை. பேச்சு பாதியில் இருக்கும்போது அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் பம்புசெட் குழாய் முறிந்து, அதன் நுனியில் தண்ணீரை உறிஞ்சும் ஃபுட்வால்வு அடியில் விழுந்துவிட்டது. தண்ணீரில்லாமல் மஞ்சள் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. கடலடியில் உத்தியோகம் பார்த்தவன் சும்மா இருக்கலாமா? நானே முன்வந்தேன்.

கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. சரசும் நின்றாள். மிடுக்காகச் சட்டையில் காற்றை நிரப்பிக்கொண்டு குதித்தேன். அடுத்த நொடி நான் ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். தொளதொளவென்றிருந்த சட்டை கழுத்துக்கு ஏறி, காதுகளை மூடி, முகவாயை வானத்துக்குத் தூக்கியது. காற்று விடும் குழாயோ பிடரிக்குப் பின்னால் எங்கோ மிதந்தது. கையை வீசித் தேடத் தேட, செக்குமாடு மாதிரி கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.

வருங்கால மாமனார் மேலிருந்து குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க மாப்ளை, எப்பங்க முங்குவீங்க?"

வாயில் சிலிண்டரின் மூச்சுக் குழாய். என்னால் "ம்ம்" என்று மட்டுமே பதில் சொல்ல முடிந்தது.

"ஏதோ மந்திரஞ் சொல்றாருங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

மூன்றாவது சுற்றில் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குடம் விழுந்தால் துழாவி எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கொக்கி சட்டை வாரில் மாட்டியது. ஊரே சிரிக்க, படிக்கட்டுப் பக்கமாக இழுத்துப் படியில் உட்கார வைத்தார்கள். அதே பாதாளக்கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினார்கள். ஃபுட்வால்வும் வந்துவிட்டது.

சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்றே நானும் அம்மாவும் நினைத்தோம். மறுவாரம் மாமனாரே வீட்டுக்கு வந்தார்.

"அம்மிணி சரின்னுடுச்சுங்க. 'ஊரே சிரிச்சப்பவும் கோவப்படாம, படியில உக்காந்து தானும் சிரிச்சாருங்க அப்பா, அவரே போதும்'னு சொல்லுதுங்க."

(நான் சிரிக்கவில்லை. குளிரில் பல் கிட்டி, வாய் இளித்தபடியே நின்றுவிட்டது. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.)

இன்றைக்கும் விசேஷ வீடுகளில் நான் கொஞ்சம் பெருமை பேச ஆரம்பித்தால், சரசு பந்தியின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏனுங்க, மறுபடி மெதக்கறீங்க. காத்தக் கொஞ்சம் எறக்குங்க."

பேரன்கள் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். இப்போது நிஜமாகவே.