மோட்டார் அக்காவின் உற்பத்திப் பிரிவு

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தேடி எடுக்க முடியாத அளவுக்குச் சின்னச் சின்னச் சிப்புகளைச் செய்கிறார்கள். உலகமே வாங்குகிறது. ஆனால் அந்தப் பூங்காவிலேயே மிக முக்கியமான சரக்கைத் தயாரித்தவர் மோட்டார் அக்கா ஒருவர்தான். வாடிக்கையாளரும் ஒருவர்தான். பல் முளைக்காத வயது. சரக்கு வரத் தாமதமானால் அக்காவின் ஊரான செர்டாங் முழுக்கக் கேட்கும்படி புகார் செய்வார்.

நான் அந்தத் தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவு குமாஸ்தா. அக்கா கிளீன் ரூமில் ஆப்பரேட்டர். பிரசவ லீவு முடிந்து திரும்பிய அன்றே பையில் பால் எடுக்கும் பம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஓடினால் பழைய மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறுவது போலச் சத்தம் வரும். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

அவர் மகன் டின் பாலை ஏற்க மாட்டான். “குடிக்கலைன்னு யார் சொன்னது தம்பி? நல்லாதான் குடிக்கிறான். குடிச்சிட்டு என் மாமியார் மேலயே திருப்பிக் குடுத்துடறான்,” என்பார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்பதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

கிளீன் ரூமில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. கண் மட்டும்தான் தெரியும். ஓய்வு நேரம் வந்ததும் அக்கா அதைக் கழற்றும் வேகத்தைப் பார்த்தால் உள்ளே தேள் புகுந்துவிட்டதோ என்று தோன்றும். மற்றவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள். அக்கா மீட்டிங் ஹாலுக்குப் பக்கத்தில் துடைப்பம் வைக்கும் ஸ்டோருக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கவிழ்த்துப் போட்ட வாளிதான் ஆசனம். பம்போடு அவர் பேசுவது வராந்தா வரைக்கும் கேட்கும்.

“இழு லா! என் வீட்டுக்காரர் மாதிரி பாதியில தூங்காதே!”

எடுத்த பாலை வீட்டுக்காரர் மீன் பிடிக்கக் கொண்டுபோகும் பெரிய ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போவார். வாசல் காவலர் ஒரு மலாய்க்காரர், கண்டிப்பானவர்; எல்லோருக்கும் அவர் ‘பாக்சிக்’, அதாவது மாமா. தொழிற்சாலைச் சாமான் ஏதாவது வெளியே போகிறதோ என்று பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சின்னச் சின்னப் பைகள்.

“என்ன இது?” என்று மலாயில் கேட்டார்.

“சூசு,” என்றார் அக்கா. பால்.

“சூசு என்றால் மாட்டுப் பாலா, ஆட்டுப் பாலா?”

“என்னுது லா, பாக்சிக்!”

காவலர் ஷாக் அடித்தவர் போலப் பின்வாங்கினார். மறுநாளிலிருந்து அந்தப் பெட்டி வரும்போது கேட்டை முழுசாகத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார். மேனேஜரின் காருக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

ஆனால் லைன் லீடர் சும்மா இருக்கவில்லை. அக்கா லைனுக்குத் தாமதமாகத் திரும்புகிறார் என்று புகார் மேல் புகார். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று மேலிடம் எச்சரித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் தொழிற்சாலையைப் பார்வையிட வந்தார். அன்று மட்டும் ஸ்டோர் பக்கம் போக வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல மேனேஜர் என்னை அனுப்பினார்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. “அக்கா... இன்னிக்கு மட்டும்... அந்த... அது எடுக்கிறத...” என்று இழுத்தேன்.

“என்ன தம்பி, பால்னு சொல்ல வாய் வரலையா? காலையில தே தாரேக் டீயில பால் கூடப் போடச் சொல்றப்ப வருதுல்ல?”

“விசிட்டர் வராங்க அக்கா. வேலை போயிடும்.”

“விசிட்டர் வராங்கன்னு என் மவன் வயித்துக்கு நீயே போய்ச் சொல்லிட்டு வா. அது கேட்டுக்கிச்சுன்னா நானும் கேட்டுக்கிறேன்.”

நான் போகவில்லை. அக்கா ஸ்டோருக்குப் போனார்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தால்தான் அக்காவுக்குப் பால் இறங்கும். அதற்காகக் கைப்பேசியில் ஒரு வீடியோ வைத்திருந்தார். அன்று வீடியோ ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. காரணம் இதுதான்: தீபாவளி விருந்துக்கு மீட்டிங் ஹால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டவர் அக்காதான். அவருடைய கைப்பேசி அந்த ஸ்பீக்கரை மறக்கவே இல்லை; அன்று விசிட்டருக்காக அதைப் போட்டதும் ப்ளூடூத்தில் தானாக ஒட்டிக்கொண்டது.

ஹாலில் மேனேஜர் உற்பத்தி வளர்ச்சியை விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஓரத்தில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று கூரையிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. மேனேஜர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பக்கத்து அறையில் பம்ப் இரைச்சலுக்கு நடுவே அக்கா, கைப்பேசியில் சத்தம் வரவில்லையே என்று வால்யூமைக் கூட்டினார். குழந்தை இன்னும் வீறிட்டது. அக்கா இன்னும் கூட்டினார். கண்ணாடித் தம்ளர்கள் நடுங்கின. அப்புறம் வீடியோவிலிருந்த அக்காவின் குரல் ஹாலை நிறைத்தது.

“இன்னும் கொஞ்சம் அழுடா ராசா! அம்மா ரெக்கார்ட் பண்றேன்!”

“என்ன சொல்கிறாள்?” என்று மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் அழச் சொல்கிறார், சார்.”

அந்தப் பெண் இன்ஜினியர் மேசை மேலிருந்த ஃபைலை எடுத்து மார்போடு இறுக்கிக்கொண்டார். குளிர்கிறதாக்கும் என்று நான் ஏர்கானைக் குறைக்க ஓடினேன். அவரோ எழுந்து, “குழந்தை எங்கே?” என்றார்.

ஸ்டோர் கதவைத் தட்டினேன். “அக்கா, உங்க போன் ஹால்ல அழுவுது!”

உள்ளே மோட்டார் நின்றது. “அதான் இங்க ஒண்ணும் கேக்கலையா!” கதவு திறந்தது. அக்கா மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த அம்மாளின் ஃபைலைப் பார்த்தார். “ஐயோ, உனக்கும் வீட்ல கைப்பிள்ளையா? கம், கம், சிட் லா!” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

மேனேஜரும் நானும் வராந்தாவில் நின்றோம். உள்ளே மோட்டார் மறுபடி ஓடியது. பிறகு இரண்டு பெண்கள் வயிறு வலிக்கச் சிரிக்கும் சத்தம். அப்புறம் அக்கா சொன்னார், அந்த அம்மாளின் பம்ப் ஹோட்டலில் இருந்ததாம். கையாலேயே எடுக்க அக்கா சொல்லிக் கொடுத்தாராம். எந்த பாஷையில் என்று கேட்டேன். “இதுக்கு எதுக்கு தம்பி பாஷை? பிள்ளை அழுதா பால் ஊறும். யார் பிள்ளைன்னு அதுக்குத் தெரியவா போவுது?” என்றார்.

வெளியே வந்த இன்ஜினியர் மேனேஜரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இவர் தினமும் இங்கேதான் உட்காருகிறாரா?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் துடைப்பத்தைப் பார்த்தேன்.

சீக்கிரமே ஓர் அறை வந்தது. நாற்காலி, குளிர்பெட்டி, உள்ளே தாழ்ப்பாள். அதுவரை கழிவறையில் ஒளிந்து பால் எடுத்த பெண்கள் ஒவ்வொருவராக அங்கே வரத் தொடங்கினார்கள். அக்காவுக்கு வேலை போகவில்லை. எடை ஏறாத பையனுக்குக் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியது. கைப்பேசியில் அந்தக் கன்னத்தின் படத்தைக் காவலர் உட்பட எல்லோரும் பார்த்தாக வேண்டியிருந்தது.

நான் வேலை மாறி, கல்யாணமும் ஆகி, போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். பால் சரியாக வரவில்லை. என் மனைவி பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். நான் சொன்ன ஆறுதல் எதுவும் எடுபடவில்லை. யார் மூலமோ கேள்விப்பட்டு மோட்டார் அக்கா மருத்துவமனைக்கு வந்து நின்றார். “நீ வெளியே போ தம்பி,” என்று என்னைத் தள்ளிவிட்டுக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். முதலில் முணுமுணுப்பு. பிறகு என் மனைவி கலகலவென்று சிரித்தாள். மகள் பிறந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அக்கா என்ன சொன்னார் என்று இருவருமே இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று திரைக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.